ஐந்தாம் ஆண்டின் இருட்டு

சூரிய விளக்கின் அழகு திறப்பு விழாவில் தெரியும். தரம் தெரிய ஐந்து மழைக்காலங்கள் ஆகும்.

குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில், புஷ்பாவதி ஆற்றங்கரையில் நிற்கிறது மோதேரா சூரியக் கோயில். சோலங்கி மன்னர் முதலாம் பீமதேவரின் ஆட்சியில், 1026-27-ஐ ஒட்டி எழுந்தது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில் உதய சூரியனின் கதிர் நேராகக் கருவறைக்குள் விழும்படி அன்றைய சிற்பிகள் கணக்குப் போட்டுக் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கருவறையில் இன்று மூர்த்தி இல்லை, பூஜையும் இல்லை. ஆனால் 2022 முதல் சூரியன் அங்கே இரவு வேலையும் பார்க்கிறான். பொழுது சாய்ந்ததும் சூரிய குண்டத்தின் படிகளிலும் சபா மண்டபத்தின் 52 தூண்களிலும் ஏறும் வெளிச்சம், பகலில் அடித்த வெயிலைச் சேமித்து வைத்துக் கொடுப்பது.

அந்த வெயிலைப் பிடிக்கும் தகடுகள் எங்கே? தூண்களின் தலையிலும் இல்லை, குளக்கரையிலும் இல்லை. வாகனங்கள் நிறுத்துமிடத்தின் கூரையில் கொஞ்சம் இருக்கின்றன. பெரும்பகுதி இருப்பது பக்கத்து சுஜ்ஜன்புராவில். 6 மெகாவாட் சூரிய மின்நிலையம், அதோடு 15,000 யூனிட் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் பேட்டரித் தொகுதி. இது தவிர மோதேராவிலும் சுற்றுவட்டாரத்திலும் 1,300-க்கும் அதிகமான வீடுகளின் கூரைகளில் ஒரு கிலோவாட் தகடுகள். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுமார் 80 கோடி ரூபாய் செலவழித்தன. 2022 அக்டோபர் 9 அன்று மோதேரா, 24 மணி நேரமும் சூரிய சக்தியில் இயங்கும் நாட்டின் முதல் கிராமமாக அறிவிக்கப்பட்டது.

மோதேராவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கோயிலின் அழகையும் அறிவிப்பின் பெருமையையும்தான் எழுதினார்கள். ஒரு பொது இடத்துக்கு வெளிச்சம் தர நினைக்கும் எந்த நகராட்சிப் பொறியாளரும் கவனிக்க வேண்டியது வேறு. விளக்கு ஓரிடம், தகடு ஓரிடம், பேட்டரி ஆட்கள் காவல் இருந்து பராமரிக்கும் இன்னோரிடம் என்று மூன்றையும் அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நாட்டின் பிற பகுதிகளில் வழக்கம் நேர்மாறு. பேருந்து நிலையம், சந்தைத் திடல், விளையாட்டு மைதானம், கடற்கரை, குளக்கரை என்று எங்கே பார்த்தாலும் ஒரு கம்பம், அதன் தலையில் ஒரு தகடு, நடுவில் ஒரு பெட்டி, நீட்டிய கையில் ஒரு விளக்கு. ஒவ்வொரு கம்பமும் ஒரு குட்டி மின்வாரியம். நட்ட அன்று ஜோராக எரியும். இரண்டாம் ஆண்டில் விடியும் முன்பே அணையும். நான்காம் ஆண்டில் ஒன்பது மணிக்கே கண்ணை மூடும். ஐந்தாம் ஆண்டில் பெட்டி திறந்து கிடக்கும். உள்ளே பேட்டரி இருக்காது. தகடு மட்டும் யாருக்கும் பயனில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மின்கட்டமைப்பில் சேராத சூரிய சாதனங்கள் பல இடங்களில் இயங்காமல் கிடந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2015 அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

இதற்கு சூரியனைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவின் பெரும்பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சராசரியாக நாள் ஒன்றுக்கு 4 முதல் 7 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. விளக்கையும் குறை சொல்ல முடியாது. 1990-களில் அன்றைய மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் வகுத்த சூரியத் தெருவிளக்கில் 74 வாட் தகடும், 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி பேட்டரியும், 11 வாட் சி.எஃப்.எல். விளக்கும் இருந்தன. அந்த விளக்கு தந்த வெளிச்சம் சுமார் 900 லூமென். இன்று அதே 11 வாட்டில் ஒரு நல்ல எல்.இ.டி. அதைவிட அதிகமாகத் தருகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் சிதறாமல் தரையை நோக்கித் தருகிறது. 2014-ல் மத்திய அரசு நிறுவனம் ஒன்று 310 ரூபாய்க்கு மொத்தக் கொள்முதல் செய்த எல்.இ.டி. பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015-ல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் 1.3 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. தெருவிளக்குகள் மாட்டப்பட்டன. விளக்கு மலிந்தது, மின்செலவு குறைந்தது. சூரிய விளக்கு நிஜமாகவே சாத்தியமானது இதற்குப் பிறகுதான்.

கோளாறு, ஒரே கம்பத்தில் மூன்று வயது குடியிருப்பதில் இருக்கிறது. தகட்டின் ஆயுள் 25 ஆண்டுகள். எல்.இ.டி. 50,000 மணி நேரம் எரியும் என்கிறார்கள். இரவுக்கு 12 மணி நேரம் என்றால் 11 ஆண்டுகள். பழைய ஈய-அமில பேட்டரி நம் ஊர் வெயிலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் அதிகம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. இரும்புப் பெட்டிக்குள், மே மாத உச்சி வெயிலில் அது என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வந்த பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் மூன்றில் முதலில் சாகும் உறுப்பு இன்றும் பேட்டரிதான். அதைப் பார்க்காமல் தகட்டின் 25 ஆண்டுகளைக் காட்டித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு மைதானத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 6,000 சதுர மீட்டர் பரப்பு. மாலையில் குழந்தைகள் விளையாட, பெரியவர்கள் நடக்க, ஓரத்தில் சுண்டல் வண்டி நிற்க, சராசரியாக 10 லக்ஸ் வெளிச்சம் போதும். பௌர்ணமி நிலவின் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ். ஆகவே 10 லக்ஸ் என்பது 40 பௌர்ணமிகள். தரையில் விழ வேண்டியது 60,000 லூமென். விளக்கிலிருந்து புறப்படுவதில் பாதி வெளியே சிதறியும் தூசியில் மங்கியும் போகும் என்று வைத்தால், தேவை 1,20,000 லூமென். வாட்டுக்கு 120 லூமென் தரும் எல்.இ.டி.யில் அது ஒரு கிலோவாட்.

இந்த ஒரு கிலோவாட் 12 மணி நேரமும் முழு வீச்சில் எரிந்தால் இரவுக்கு 12 யூனிட். ஆனால் நடுநிசிக்குப் பிறகு மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? மாலை ஆறு முதல் பதினொன்று வரை முழு வெளிச்சம், அப்புறம் விடியும் வரை 30 சதவீதம், யாராவது நடந்தால் மட்டும் உணர்கருவி வெளிச்சத்தைக் கூட்டும் என்று அமைத்தால் தேவை ஏழு யூனிட் சொச்சமாக இறங்கிவிடும். தகட்டைக் கூட்டுவதைவிட, பேட்டரியைப் பெருக்குவதைவிட, இதுதான் ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் மின்சாரம். ஆனால் டெண்டர்களில் ‘மாலை முதல் விடியல் வரை’ என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துபோவதுண்டு.

அடுத்தது மழை. நல்ல வெயில் காலத்தில் இந்த ஏழு யூனிட்டுக்குச் சுமார் 2.3 கிலோவாட் தகடு போதும். ஆனால் விளக்கை மார்ச் மாதத்துக்காக வடிவமைக்கக் கூடாது. ஜூலையில் மும்பைக்காகவும் அஸ்ஸாமுக்காகவும், ஐப்பசியில் சென்னைக்காகவும் வடிவமைக்க வேண்டும். மேகம் அடர்ந்த நாளில் தகடு தருவது வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரைதான். நாளுக்கு மூன்று மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகத்தான் கிடைக்கும் என்று மழைக்காலத்துக்குக் கணக்கிட்டால் தகடு 3.4 கிலோவாட் ஆகிவிடும். வெயிலே எட்டிப்பார்க்காத மூன்று நாட்களைச் சமாளிக்கும் அளவுக்கு பேட்டரி வேண்டும் என்றால் 21 யூனிட். பேட்டரியை ஒட்டக் கறக்கக் கூடாது என்பதால் லித்தியம் வகையில் 27 யூனிட், கால் டன் எடை. ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் கறந்தால் ஆயுள் குறையும் என்பதால் 43 யூனிட், ஒரு டன்னுக்கும் மேல்.

இந்த இடத்தில்தான் செலவைக் குறைக்கும் கை நுழைகிறது. மூன்று நாள் ஒன்றரை நாளாகும். 3.4 கிலோவாட் 2.3 ஆகும். காகிதத்தில் விளக்கின் வாட் மாறாது. திறப்பு விழா இரவில் வெளிச்சமும் மாறாது. முதல் அடைமழையில் பேட்டரி அடிமட்டம் வரை வற்றும். மறுநாளும் நிரம்பாமல் மறுபடி வற்றும். இப்படிப் பல நாள் வற்றிய பேட்டரி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஐந்தாம் ஆண்டின் இருட்டு முதல் ஆண்டின் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

வெயிலுக்கும் மழைக்கும் அடுத்து காற்று. 3.4 கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 17 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதை உயரத்தில் தூக்கி நிறுத்தினால் அது பாய்மரம். காற்றழுத்தத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் நாட்டை ஆறு வேக மண்டலங்களாகப் பிரிக்கிறது. பெங்களூரில் அடிப்படை வேகம் நொடிக்கு 33 மீட்டர். சென்னையிலும் ஒடிசாவின் கடற்கரையிலும் 50 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். பெங்களூரில் சதுர மீட்டருக்கு 65 கிலோ என்றால் சென்னையில் 150 கிலோ. 17 சதுர மீட்டரும் காற்றை முழு முகமாக எதிர்கொண்டால் இரண்டரை டன். சாய்ந்த தகட்டில் இது குறையும். பதிலுக்குக் கீழிருந்து புகும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். பெங்களூரில் நன்றாக நிற்கும் வடிவத்தை அப்படியே கொண்டுவந்து புரியில் நட்டால் முதல் புயலில் தெரிந்துவிடும்.

மைதானத்தின் 3.4 கிலோவாட்டை ஒரே ராட்சதக் கம்பத்தில் ஏற்றாமல் 12 கம்பங்களுக்குப் பிரித்தால், கம்பத்துக்கு ஒரு தகடு, ஒன்றரை சதுர மீட்டர், இருபது கிலோ சொச்சம் பேட்டரி. காற்றின் பளு பன்னிரண்டாகப் பிரியும். வெளிச்சமும் பரவலாக விழும். பல நகரங்களில் சந்திப்புக்குச் சந்திப்பு நிற்கும் 20, 30 மீட்டர் உயர ஹைமாஸ்ட் கம்பங்கள் தூரத்திலிருந்து பார்க்க கம்பீரமானவை. ஆனால் ஒரே உச்சியிலிருந்து கொட்டும் வெளிச்சம் கம்பத்தடியில் கண்ணைக் கூசவைக்கும். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒவ்வொரு நிழற்குடைக்குப் பின்னாலும் கன்னங்கரேல் என்று ஒரு நிழலை விட்டுவைக்கும். கூசிய கண்ணுக்கு அந்த நிழல் இன்னும் கறுப்பு.

அந்த நிழல்தான் பொது இடத்தில் யார் நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. 2013-ல் டெல்லியில் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ அமைப்பு, ஓடும் வாகனத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 2016-ல் தலைநகரில் 7,000-க்கும் அதிகமான இருண்ட இடங்களைக் குறித்துக் கொடுத்தது. வெளிச்சம் எந்தச் சராசரியில் இருக்கிறது என்பதைவிட எங்கே இல்லை என்பதுதான் அந்தப் பட்டியலின் செய்தி. வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து மைதானத்தின் ஓரமாக வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்கு, நடுவில் 30 லக்ஸ் இருந்து என்ன பயன்? அவள் நடக்கும் ஓரத்தில் 3 லக்ஸ் விட்டுப்போகாமல் இருந்தால் போதும், எதிரே வருபவரின் முகம் தெரிந்தால் போதும். எட்டு மீட்டர் கம்பங்கள் பன்னிரண்டு, ஓரங்களைத் தழுவி நின்றால் இது கிடைக்கும்.

நல்ல வடிவமைப்பு சில இடங்களை இருட்டாகவும் விட்டுவைக்கும். ஒடிசாவின் ருஷிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், இரவில் தொடுவானத்தின் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி ஓடுகின்றன. கரையில் வெள்ளை விளக்கு எரிந்தால் அவை கடலை விட்டு ஊருக்குள் ஓடும். காலையில் காகங்களுக்கும் நாய்களுக்கும் இரையாகும். அங்கே விளக்கு தாழ்வாக, கடலுக்கு முதுகு காட்டி, செம்மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். குஞ்சு பொரிக்கும் வாரங்களில் அணைந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே மங்கச் செய்யும் வசதி உள்ள அமைப்பில் இதற்குத் தனிச் செலவு இல்லை.

கம்பம் போதாது, சிற்பம் வேண்டும் என்ற ஆசையும் இதோடு வளர்ந்திருக்கிறது. 2007-ல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ராஸ் லவ்குரோவ் வியன்னாவின் ரிங் சாலையில் ஒரு சூரிய மரத்தை நட்டார். வளைந்த கிளைகள், நுனியில் தகடும் விளக்கும். 2012-ல் திறந்த சிங்கப்பூர் கடலோரப் பூங்காவில் 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள 18 ராட்சத மரக் கோபுரங்கள் நிற்கின்றன. சிலவற்றின் உச்சியில் தகடுகள். இந்தியாவில் இந்த வேலையைக் கையிலெடுத்தது துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரவியல் ஆராய்ச்சி நிலையம். 2016-ல் அது காட்டிய சூரிய மரத்தின் வாதம் அழகைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. 5 கிலோவாட் தகட்டைத் தரையில் பரப்ப 400 சதுர அடி தேவை. மரமாக நிறுத்தினால் அடிமரத்துக்கு நான்கு சதுர அடி போதும். 2020-ல் அந்த நிலையத்தின் குடியிருப்பில் நட்ட மரம் 11.5 கிலோவாட். 35 தகடுகள், ஆண்டுக்கு 12,000 முதல் 14,000 யூனிட், விலை சுமார் ஏழரை லட்சம் ரூபாய். அடுத்து லூதியானாவில் அது எழுப்பிய மரம், 309 சதுர மீட்டர் தகட்டுப் பரப்போடு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது.

நில நெருக்கடியுள்ள நகரத்தில் இந்த வாதத்துக்கு வலு உண்டு. கீழே பெஞ்சு போடலாம், வண்டி நிறுத்தலாம், பகலில் நிழலும் கிடைக்கும். ஆனால் மரம் என்று பெயர் வைத்ததாலேயே அது பூங்காவின் நிஜ மரங்களுக்கு நடுவில் நடப்படும் ஆபத்தும் உண்டு. வரிசையாகக் கோத்த சிலிக்கான் செல்களில் ஒன்றிரண்டின் மேல் வேப்பங்கிளையின் நிழல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி சரிந்துவிடும். கிளைகள் நாலா பக்கமும் விரிந்தால் பார்க்க அழகு. ஆனால் நம் நாட்டில் நிலையான தகடு தெற்கு நோக்கி, ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருந்தால்தான் ஆண்டு முழுவதும் விளைச்சல் நன்றாக இருக்கும். வடக்கு பார்த்த கிளை சிற்பத்துக்காக நிற்கிறது. அதன் செலவைச் சிற்பக் கணக்கில் எழுதுவதுதான் நியாயம். தூசி, பறவை எச்சம் பிரச்சினையும் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்தில் விரிந்த இலைகளை மாதம் ஒருமுறை யார், எந்த ஏணியில் ஏறித் துடைப்பார்கள் என்பதும் வடிவமைப்பாளரின் கேள்விதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் மோதேரா போல ஓரிடத்தில் குவித்து, கம்பி வழியே மின்சாரம் அனுப்பிவிடலாமா? நகரத்து மைதானத்துக்குப் பெரும்பாலும் அதுதான் சரி. பக்கத்திலுள்ள பள்ளிக்கூரை, மார்க்கெட் கூரை, பார்வையாளர் மாடம் ஆகியவற்றில் தகடு. காவலாளி இருக்கும் அறையில் பேட்டரி. கம்பத்தில் விளக்கு மட்டும். மழைக்காலப் பற்றாக்குறையை மின்வாரியம் ஈடுகட்டும். கோடையின் உபரியை அதுவே வாங்கிக்கொள்ளும். மூன்று நாள் பேட்டரிக்கும் தேவையில்லை, மாலை நேரத்தைத் தாண்டும் அளவு இருந்தால் போதும்.

ஆனால் கம்பி அறுந்தால்? 2019 மே 3 அன்று ஃபனி புயல் புரிக்கு அருகே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சீட்டுக்கட்டாகச் சரிந்தன. புரியிலும் புவனேஸ்வரிலும் பல பகுதிகள் நாள்கணக்கில், சில பகுதிகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் புயல் பாதுகாப்பு மையத்தின் வாசல், ஆஸ்பத்திரி வளாகம், குடிநீர் லாரி நிற்கும் திடல் ஆகியவற்றில் தன் காலில் நிற்கும் விளக்கு ஒன்று எரிவது சாதாரண விஷயம் அல்ல. கம்பியே எட்டாத மலைக்கிராமச் சந்தைக்கும் தனிக் கம்பம்தான் வழி. 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் ஆற்று மணலில் 4,000 ஹெக்டேரில் எழுந்து கலைந்த கும்பமேளா நகரத்திலும் கம்பி விளக்குகளுக்கு நடுவே சுமார் 2,000 சூரியக் கலப்பு விளக்குகளை வைத்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் மின்சாரம் ஒரு நிமிடம் போனாலும் என்ன நடக்கும் என்பது நிர்வாகிகளுக்குத் தெரியும். எனவே நகர மைதானத்திலும் எல்லா விளக்குகளும் கம்பியை நம்பியிருக்கத் தேவையில்லை. பன்னிரண்டில் மூன்று, அதாவது வாசலிலும் வெளியேறும் வழியிலும் நிற்பவை, தனித்து எரியக்கூடியவையாக இருந்தால் போதும்.

இத்தனை கணக்கும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். ஐந்தாம் ஆண்டில் பேட்டரியை மாற்றும் பணம் யாருடையது? 2016-ல் தொடங்கிய அடல் ஜோதி யோஜனாவின் முதல் கட்டத்தில் விளக்கின் விலையில் 75 சதவீதத்தை மத்திய அமைச்சகமும் 25 சதவீதத்தை எம்.பி. தொகுதி நிதியும் கொடுத்தன. உத்தரப் பிரதேசம், பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம் ஆகிய மாநிலங்களில் மின்வசதி குறைந்த ஊர்களுக்கு 7 வாட் விளக்குகள் ஒரு லட்சத்துக்கும் அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு வந்த இரண்டாம் கட்டத்தில் 12 வாட். 2020 ஏப்ரலில் கொரோனா காரணமாக எம்.பி. நிதி நிறுத்தப்பட்டபோது, புதிய விளக்குகளுக்கான அனுமதியும் நின்றது. விளக்கை வாங்கித் தரும் நிதிக்கு இப்படி ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. நட்ட விளக்கை எரியவைக்கும் செலவுக்கு முடிவே இல்லை. அது கடைசியில் வருமானம் குறைந்த ஊராட்சியின் தலையில் விழுகிறது.

நட்டுவிட்டுப் போகும் ஒப்பந்ததாரருக்கு நடும்போதே முழுப் பணமும் கொடுத்துவிட்டால், எரிவதில் அவருக்கு என்ன அக்கறை இருக்கும்? பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, எரிந்த இரவுகளை எண்ணிக் கொடுப்பது ஒரு வழி. சிம் கார்டு பொருத்திய சிறு கருவி ஒன்று, எந்தக் கம்பம் எந்த இரவில் எத்தனை மணிக்கு அணைந்தது என்று சொல்லிவிடும். செலவு பெரிதல்ல. பேட்டரி மாற்றும் தொகையை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்து வங்கியில் போட்டுவைப்பது இன்னொரு வழி. பெட்டியைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் திருட்டு. தகட்டுக்கு அடியில் வைத்தால் சூடு. மண்ணில் புதைத்தால் வெள்ளம். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அதற்கு ஏற்ற பூட்டோ, காற்றோட்டமோ, நீர் புகாத உறையோ வேண்டும். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு அதைத் திறந்து மாற்றத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

வடிவமைப்பு என்றால் கம்பத்தின் வளைவு, தகட்டின் நிறம் என்று மட்டும் நினைத்தால் இவை எல்லாம் அதற்கு வெளியே நிற்கும். இவற்றையும் உள்ளே கொண்டுவந்து, எந்த மழையில், எந்தக் காற்றில், யார் நடக்க, எந்த ஆண்டு வரை என்று கேட்டுவிட்டு வரைந்தால் கம்பம் தானாக ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். அது மரம் போல இருந்தாலும் சரி, வெறும் குழாய் போல இருந்தாலும் சரி.

மோதேராவிலும் பேட்டரிகளுக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வித்தியாசம், அவை எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றின் எண்ணிக்கை ஒரு பதிவேட்டில் இருக்கிறது. திறன் குறைந்தால் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. தன் ஊர் மைதானத்தில் புதிதாக நட்ட சூரிய விளக்குகளுக்கு அடியில் மாலையில் நடப்பவர் நகராட்சியிடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்: இந்த பேட்டரியை மாற்ற வேண்டிய நாள் எது, பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, வரப்போவது யார்? பதில் கிடைத்தால் ஆறாம் ஆண்டிலும் அங்கே நடக்கலாம்.